எப்பப் பாவப் போறீக?

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆங்கிலத்தில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொல் ஒன்றுதான்: சீசன். அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். கம்பம் பக்கம் கொடி காய்த்தால் திராட்சை சீசன். மலைக்கு மேலே எஸ்டேட்டில் பழம் எடுக்க ஆள் கூப்பிட்டால் ஏலக்காய் சீசன். கார்த்திகை பிறந்து குமுளி ரோட்டில் கறுப்பு வேட்டிகள் நடக்க ஆரம்பித்தால் ஐயப்பன் சீசன். அப்போது சிப்ஸ் கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பேன். சீசன் என்றால் வேலை உண்டு. ஆஃப் சீசன் என்றால் தேனி பஸ் ஸ்டாண்டில் படுக்கை. இதற்கு மேல் அந்தச் சொல்லில் ஏதாவது இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் சுளிக்கிற ஓர் ஆளை நான் பழனிசெட்டிபட்டியில் பார்த்தேன். கம்பம் ரோட்டில் விதைக்கடை வைத்திருந்தார். விவசாயிகள் அவரை விதைக்கடை அம்மா என்றார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். போடி பஜாரில் வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் தொடங்கிய கடை. அண்ணன் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குப் போன பிறகு இவர் கையில் நின்றது. மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் சாக்கு தைக்கிற நூலைக் கட்டிக் காதில் மாட்டியிருப்பார். புதுக் கண்ணாடி வாங்க நேரமில்லை என்பார். ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாளில் அவர் அந்த நாற்காலியை விட்டு எழுந்து எங்கேயும் போய் நான் பார்த்ததில்லை, ஆடியில் ஒரு புதன்கிழமை வரைக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வேலை கேட்டுப் போனது ஒரு சித்திரை மாதம்.

"சீசன் முடியிற வரைக்கும் மூட்டை தூக்க ஆளு வேணுமாக்கா?"

"எந்த சீசன்?"

"வெதை சீசன்தேன்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஒரே சொல்ல எதுக்கு ரெண்டு தடவ சொல்ற?"

எனக்குப் புரியவில்லை. இந்த அம்மாவுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன். வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்குகிற அறையில் படுத்துக்கொள்ளலாம் என்றார். எலிகள் அதிகம். ஆனால் கூரை ஒழுகாது.

அந்தக் கடையில் யாரும் ஒரு நெல்லின் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"வயலு எங்கன? ஆத்துத் தண்ணியா, கெணத்துத் தண்ணியா? எப்பப் பாவப் போறீக?"

பாவுவது என்றால் நாற்றங்காலில் விதையைத் தெளிப்பது. மூன்றாவது கேள்விக்கு "அடுத்த வாரம்", "பாத்துக்கிருவோம்" என்றெல்லாம் பதில் சொன்னால் தராசைத் தொட மாட்டார். தேதி வேண்டும். தேதியைக் கேட்டுக்கொண்டு, சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் தாள்களைத் தூக்கிப் பார்த்து விரலை நகர்த்துவார். நாற்று எத்தனை நாள், நடவு எப்போது, கதிர் எப்போது, அப்போது மழையா வெயிலா என்று அவருக்குள் ஓடும். ஒத்து வந்தால் நிறுப்பார். ஒத்து வராவிட்டால், "இது உங்களுக்கு ஆகாது, வேற பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சாக்கின் வாயைச் சுருட்டிவிடுவார். மயிலாடும்பாறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பருத்தி விதைக்கு வந்த ஒருவரை அப்படித் திருப்பி அனுப்பினார். அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்:

"பொண்ணு கேட்டுப் போனாக்கூட இம்புட்டுக் கேள்வி கேக்க மாட்டாகம்மா."

"பொண்ணு, புடிக்கலேன்னா பொறந்த வீட்டுக்கு வந்துரும். மண்ணுக்குள்ள போன வெதைய எங்கிட்டுத் திரும்பி வரச் சொல்ல?"

வந்தவர் சிரித்துவிட்டார். ஆனால் விதை கிடைக்கவில்லை.

புதிதாக வருகிற ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் நூறு நெல்லை எண்ணி எடுப்பார். ஈரச்சாக்கில் வரிசையாக வைத்துச் சுருட்டி மேஜைக்கு அடியில் வைப்பார். தினமும் காலையில் பிரித்து, எத்தனை முளைத்தது என்று குடைக்கம்பி நுனியால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். அரசாங்க முத்திரை போட்ட மூட்டைக்கும் இதுதான். அதைவிட அவருக்குப் பயம் கலப்பில். ஒரு ரகத்தோடு இன்னொரு ரகத்தின் நாலு மணி சேர்ந்திருந்தாலும் உள்ளங்கையில் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். கலப்பு என்ற சொல்லை அவர் சொல்கிற விதம், வேறு ஆட்கள் திருட்டு என்று சொல்வது போல இருக்கும்.

சீசன் கதை ஒரு தக்காளி விதைப் பாக்கெட்டில் தொடங்கியது. நான் வருவதற்கு முன்னால் நடந்தது. ஆனால் அக்கா அதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பாக்கெட்டின் மேல் ஆங்கிலத்தில், எல்லா சீசனுக்கும் ஏற்றது என்று அச்சடித்திருந்தது. கொண்டுவந்த கம்பெனி ஆளிடம் அக்கா கேட்டிருக்கிறார், அப்படியென்றால் என்ன என்று. "எப்ப வேணாலும் போடலாம்மா" என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்காவுக்கு மனசு ஆறவில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த தடித்த ஆங்கில அகராதி ஒன்றை வாங்கி வந்தார். அட்டை கிடையாது. சாக்குத் துணியில் உறை தைத்துப் போட்டார். பத்தாவது வரை படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லைத் தேடிப் பிடித்தார்.

அதில் போட்டிருந்தது அவரையே அசைத்துவிட்டது. வெள்ளைக்காரனுக்கு அந்தச் சொல் பிரெஞ்சுக்காரனிடமிருந்து வந்திருக்கிறது. பிரெஞ்சுக்காரனுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் அதற்கு அர்த்தம் விதைப்பு. கையில் விதையை அள்ளி மண்ணில் போடுகிற வேலை, அவ்வளவுதான். அதிலிருந்து, விதைப்பதற்கான நேரம் என்று ஆயிற்று. அதிலிருந்து, எந்தக் காரியத்துக்கும் சரியான நேரம். அதற்கப்புறம்தான் வருஷத்தின் நாலு பகுதி.

அடுத்த தடவை கம்பெனி ஆள் வந்தபோது அகராதியை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாராம்: "வெதைக்கிற நேரம்னு அர்த்தமுள்ள சொல்லு இது. எல்லா நேரமும் வெதைக்கிற நேரம்னா இந்தச் சொல்லு எதுக்கு? அச்சடிச்ச மை வீணு." அவர் அக்காவைப் பார்த்திருக்கிறார், அகராதியைப் பார்த்திருக்கிறார், பாக்கெட்டை எல்லாம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை.

நான் வேலை கேட்டுப் போன நாளில் அவர் சொன்னது இந்தக் கதையைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. விதை சீசன் என்றால் விதைப்பு விதைப்பு.

கூட்டமில்லாத மத்தியானங்களில் இந்தப் பேச்சு ஓடும். நான் போடியில் ஒரு மர டிப்போவில் இருந்திருக்கிறேன். அங்கே அறுத்த பலகையை உடனே விற்க மாட்டார்கள். நிழலில் அடுக்கி, ஈரம் போகிற வரைக்கும் விட்டுவைத்து, சீசன் ஆன மரம் என்று சொல்லி விற்பார்கள். அதை அக்காவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அகராதியைப் புரட்டினார். அதுவும் இருந்தது.

"ஒன்னைய மாதிரி ஊரு சுத்துறவனுக்குத்தேன் இதெல்லாம் தெரியுது. எனக்கு மரத்தப் பத்தி என்ன தெரியும்? இங்கன பாரு, சாப்பாட்டுல உப்பு, மொளகு போடுறதுக்கும் இதே சொல்லாம்."

"உப்புக்கும் வெதைக்கும் என்னக்கா சம்பந்தம்?"

"வெதைச்சா விளையும். விளைஞ்சது பழுக்கும். பழுத்தா ருசி வரும். அப்படியே போயிருக்கு." அவர் யோசித்துவிட்டு, "நம்ம ஆளுக பருவம்னு சொல்றாகள்ல, அதுலயும் இம்புட்டு இருக்கும். எனக்குத்தேன் தமிழ் அகராதி கெடைக்கல" என்றார்.

ரயிலில் போகிறவர்களின் சீசன் டிக்கெட் எந்தக் கணக்கு என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். குமுளியில் லாட்ஜ்காரர்கள் வாடகையைக் கூட்டுவதற்குச் சொல்கிற சீசனை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. அது கூட்டம், அதற்குக் கூட்டம் என்றே சொல்லலாம் என்றார்.

மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொண்டு நானும் அதை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவன் குனிந்து மண்ணில் விதை போட்டதில் பிறந்த சொல் ஊர் ஊராகத் தேய்ந்து என்னிடம் வரும்போது, எங்கே கூலி கிடைக்கும் என்பதாக மட்டும் ஆகியிருந்தது. நான் பார்த்த சீசன்கள் எல்லாமே வெட்டுகிறதும் பறிக்கிறதும்தான். எவரோ விதைத்து, எவரோ தண்ணீர் கட்டி, முடிவில் நான் போய் இறங்குவேன். முடிந்ததும் அடுத்த ஊர். அதில் எனக்கு வருத்தம் இருந்தது என்று சொல்ல முடியாது. வயிறு அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனது. ஆனால் ஒரு வயலின் தொடக்கத்தை நான் பார்த்ததே இல்லை என்பது அந்தக் கடையில் இருந்தபோதுதான் தெரிந்தது.

அக்காவிடம் இன்னொரு கட்டளை இருந்தது. ஆற்றுப் பாசன வயலுக்கு, தண்ணீர் லோயர் கேம்ப்பைத் தாண்டினால்தான் முதல் போகத்துக்கு நெல் விதை. பெரியாற்று அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. அங்கிருந்து பள்ளத்தாக்கை வயல் வயலாக நனைத்துக்கொண்டு வந்து கடைசியாகத் தொடுவது பழனிசெட்டிபட்டியை. நாங்கள் கடைமடை. வழக்கமாக வைகாசி பாதியில் மதகைத் திறப்பார்கள். ஒரு வருஷம், திறந்துவிடுவார்கள் என்ற பேச்சை நம்பி அக்கா முன்னாலேயே விதை கொடுத்திருக்கிறார். தண்ணீர் வரவில்லை. நாற்று பாத்தியிலேயே காய்ந்தது. ஒரு விவசாயி காய்ந்த நாற்றை ஒரு கை பிடுங்கி வந்து இந்த மேஜையில் வைத்துவிட்டுப் போனாராம். அன்றிலிருந்து இந்தக் கட்டளை.

அதனால் வைகாசி பிறந்தால் தினமும் காலையில் லோயர் கேம்ப் டீக்கடைக்காரர் ஒருவருக்குப் போன் போடுவார். கடையின் பின்கதவைத் திறந்தால் அவருக்குக் கால்வாய் தெரியும்.

"தம்பி, தண்ணி பாலத்தத் தொட்டுருச்சா?"

"தண்ணி வரலக்கா. ரெண்டு கொரங்கு வந்து அதுகளும் எட்டிப் பாத்துட்டுப் போகுதுக."

நான் இருந்த வருஷம் வைகாசி முடிந்தது, ஆனி பிறந்தது, குரங்கு கதைதான் வந்துகொண்டிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மழை இல்லை.

ஆனி முதல் வாரத்தில் பாண்டியம்மாள் வந்தார். நாற்பது வயதுக்காரர், புருஷன் இல்லாதவர், கடைமடையில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்து உழுகிறவர். நிலத்துக்காரர் தேனியில் இருக்கிறார். அந்த வருஷம் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: ஒரு போகம் தரிசாகக் கிடந்தாலும் குத்தகை முடிந்தது, நிலத்தைப் பிளாட் போடக் கொடுத்துவிடுவேன். பாண்டியம்மாளுக்கு வேறு நிலம் கிடையாது. அதை அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் விதை கேட்டார்.

"பக்கத்துக் கெணத்துக்காரரு நாத்தங்காலுக்குத் தண்ணி தாரேன்னு சொல்லிட்டாரும்மா. ஆனி முடியிற வரைக்கும்தேன் தருவாராம். அதுக்கப்பறம் அவருக்கு வாழை இருக்கு. இப்பப் பாவிட்டேன்னா, ஆத்துத் தண்ணி வந்த ஒடனே நட்டுருவேன்."

"ஆத்துத் தண்ணி வரலேன்னா?"

"வரும்மா. எல்லாரும் பாவுறாக."

"எல்லாரும் பாவட்டும். காஞ்ச நாத்தத் தூக்கிக்கிட்டு எங்கிட்டத்தேன் வருவீக. தண்ணி லோயர் கேம்ப் தாண்டட்டும், ஒங்களுக்குன்னு வெதைய எடுத்து வச்சிருக்கேன்."

பாண்டியம்மாள் படியிறங்கினார். வெளியே வந்ததும் நான் சொன்னேன். "ஆத்தா, ரெண்டு கடை தள்ளிப் போங்க. கேள்வி கேக்காம நிறுத்துத் தருவாக."

"அந்தம்மா சொல்லாத நாள்ல நான் பாவுனது என்னைக்கு விளைஞ்சிருக்கு" என்றார். போய்விட்டார்.

வழக்கமாக அக்காவிடம் வாங்குகிற மற்றவர்கள் எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வேறு கடைகளில் வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் பாவினார்கள். காத்திருந்தது பாண்டியம்மாள் மட்டும்தான்.

ஆனி கடைசி வாரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் மழை பிடித்தது. காலை ஏழு மணிக்கு டீக்கடைக்காரரே போன் செய்தார். "அக்கா, வந்துருச்சு. பாலத்துக்கடியில நொரையாப் போகுது." அக்கா கண்ணை மூடி ஸ்தோத்திரம் என்றார். பாண்டியம்மாளுக்கு எடுத்து வைத்த விதையை முன்னால் கொண்டுவந்து வைக்கச் சொன்னார்.

பத்து மணிக்கு பாண்டியம்மாள் மஞ்சள் பையோடு வந்தார். அக்கா நிறுத்தார். நிறுத்துவிட்டு வழக்கம் போலக் காலண்டரைத் தூக்கினார். விரல் நகர்ந்தது. ஒரு தாள், இன்னொரு தாள், இன்னொன்று. விரல் நின்றுவிட்டது.

"இப்பப் பாவினா நடவு ஆடி கடைசிக்குப் போயிரும்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "கதிரு ஐப்பசி மழையில மாட்டிக்கிரும். சுத்தி இருக்கிறவுக எல்லாம் அதுக்கு முன்னாலயே அறுத்துருவாக, ஒங்க ஒரு வயலுக்கு யாரு தண்ணி விடுவா? இது வராதும்மா."

பாண்டியம்மாள் பையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"அன்னைக்கு வந்தேன், சீக்கிரம்னீக. இன்னைக்கு வந்தேன், லேட்டுங்கிறீக. நடுவுல என்னைக்கும்மா நான் வந்திருக்கணும்?"

அக்கா காலண்டர் தாள்களை ஒவ்வொன்றாக இறக்கிவிட்டார். நிறுத்த விதையைத் திரும்பச் சாக்கில் கொட்டினார்.

அன்று முழுவதும் அவர் யாருக்கும் விதை நிறுக்கவில்லை. சாயந்தரம் நானாகத்தான் சொன்னேன். கூடலூர் பக்கம் ஒரு நடவுக்கு நாற்றுக் கட்டுத் தூக்கியிருக்கிறேன். மேலே முதலில் தண்ணீர் பாய்கிற வயல்களில் நடவு முடிந்ததும் பாத்தியில் கொஞ்சம் நாற்று எப்போதும் மிஞ்சும். மாட்டுக்குப் போடுவார்கள். இல்லாதவன் யாராவது வந்து கேட்டால் கொடுத்துவிடுவார்கள். மிச்ச நாற்றுக்குக் காசு வாங்குகிற பழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. ஆனால் வயலுக்குப் போய், நட்டவர் முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டும்.

"என்ன வெதைன்னே தெரியாத நாத்தா?" என்றார் அக்கா. "ஒரு பாத்தி ஒண்ணு, இன்னொரு பாத்தி ஒண்ணுன்னு?"

"நாத்துக்கு வயசு இருக்குல்லக்கா. வளந்த நாத்துன்னா இருபத்தஞ்சு நாளு நமக்கு மிச்சமாயிருதுல்ல."

"கலப்பு" என்றார். குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆடி முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை காலை, நான் ஷட்டரைத் தூக்கப் போனபோது அக்கா வேண்டாம் என்று கை காட்டினார். வாசலில் ஒரு குட்டியானை நின்றது. சின்ன லோடு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அக்கா குடையை எடுத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் ஏறினார். பாண்டியம்மாளும் நானும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

நேராக லோயர் கேம்ப் வரைக்கும் போய், அங்கிருந்து கேட்டுக்கொண்டே கீழே இறங்கினோம். முதல் வயல்காரர் பாதி மலையாளம் பேசுகிறவர். வரப்பில் குடையோடு நின்ற அக்கா அவரிடம் கேட்டார்:

"இது என்ன ரகம்? எந்தத் தேதியில பாவினது? வெதை எங்கன வாங்குனீக?"

"சேச்சி, மிச்ச நாத்துக்கு ஜாதகம் பாத்துத்தேன் கொண்டு போவீகளா?"

பாண்டியம்மாள் அன்றைக்கு முதன்முதலாகச் சிரித்தார். அக்கா ஓர் அட்டையில் ரகத்தின் பெயரை எழுதி, சாக்குத் தைக்கிற நூலால் அந்த முடிகளில் கட்டினார். நாற்றுக் கட்டை முடி என்போம். கூடலூரில் இரண்டு இடம். அங்கேயும் கேட்டார், எழுதினார், வேறு நிற நூல் கட்டினார். கம்பத்தில் ஒரு கிழவர், "பெரிய வெதைக்கடைக்காரம்மா பிச்சை கேக்க வந்திருக்காக, அள்ளிக் குடுங்கடா" என்று சத்தமாகச் சொன்னார். அவருக்கு அக்காவை முன்பே தெரியும். ஏதோ ஒரு வருஷம் அக்கா அவருக்கு விதை மறுத்திருக்கிறார். அக்கா குனிந்து முடிகளை எடுத்து என்னிடம் கொடுத்தார். உத்தமபாளையத்தில் கிடைத்த நாற்று முற்றிக் கணு விட்டிருந்தது. கடையில் யாராவது அப்படிச் சொன்னால் எரித்துவிடுங்கள் என்பார். அதையும் ஏற்றச் சொன்னார். சின்னமனூர் வந்தபோது ரகத்தின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டார். "இருக்காய்யா?" என்று மட்டும் கேட்டார்.

வீரபாண்டிக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் வண்டி குதித்ததில் முடிகள் எல்லாம் சரிந்து ஒன்றாகிவிட்டன. நூலைத் தேடிப் பிரிக்க நேரமில்லை. பிடுங்கிய நாற்று வாடுவதற்குள் நட வேண்டும்.

மத்தியானத்துக்கு மேல் பாண்டியம்மாளின் வயலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நட்டார்கள். அக்கா வரப்பில் நின்று முடிகளை வீசினார். இரண்டு அடி போவதற்குள் விழுந்தது.

"வெதைய விக்கத்தேன் தெரியுது, நாத்த வீசத் தெரியலையேம்மா" என்றாள் நட்டவர்களில் ஒருத்தி.

செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி ஒவ்வொன்றாகக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தார். பொழுது விழும்போது ஒரு மூலை தவிர வயல் நிறைந்துவிட்டது. வாய்க்காலில் காலைக் கழுவும்போது பாண்டியம்மாள் சொன்னார்: "நான் ஒங்களக் குத்தம் சொல்லலம்மா. நீங்க தரமாட்டேன்னப்ப வேற கடைக்குப் போக எனக்கும் காலு இருந்துச்சு. போகல." அக்கா கேட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் திராட்சைக்கு ஆள் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நாற்று வேர் பிடிக்கிறதா என்று பார்க்க ஆசை இருந்தது.

வேர் பிடித்தது. ஆனால் அந்த மாதிரி ஒரு வயலை யாரும் பார்த்திருக்க முடியாது. முழங்காலளவு ஒரு திட்டு, இடுப்பளவு ஒரு திட்டு. ஓர் இடம் பூக்கிறபோது பக்கத்தில் அப்போதுதான் தூர் கட்டிக் கிளைத்துக்கொண்டிருந்தது. புரட்டாசி கடைசியில் ஒரு பக்கம் பழுத்துச் சாய்ந்தது, ஒரு பக்கம் பச்சையாகவே நின்றது. சுற்றி எல்லா வயலிலும் ஒரே மஞ்சள். அறுப்பு மெஷின்காரர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, இதற்குள் மெஷினை இறக்க முடியாது, பழுத்த இடமாகப் பார்த்துக் கையால்தான் அறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்கா சாயந்தரங்களில் ஷேர் ஆட்டோவில் வந்து வரப்பில் நிற்பார். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் போட்டுப் பார்ப்பார். நீளமும் குட்டையும் வெள்ளையும் சிவப்புமாகக் கிடக்கும். வாய்க்காலில் உதறிவிடுவார்.

முதல் அறுப்பு அன்று நிலத்துக்காரர் வந்தார். கூடவே பிளாட் போடுகிற புரோக்கர். மெஷின்காரரும் பக்கத்து வயல்காரர்கள் ஏழெட்டுப் பேரும் அங்கே இருந்தார்கள். அக்காவும் நானும் வரப்பில் நின்றோம்.

நிலத்துக்காரர் வயலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தரிசு என்று சொல்ல வழியில்லை. பிறகு ஒரு கதிரைப் பிடுங்கினார்.

"என்ன பாண்டியம்மா இது, வயலா கதம்பமா? கண்டதையும் அள்ளிப் போட்டு என் நெலத்தக் கெடுத்து வச்சிருக்க. அடுத்த போகம் பூரா இந்தக் கலப்புத்தேன் மொளைக்கும். அக்கறை இல்லாத ஆளுக்கு எப்படி நெலத்த விட்டு வைக்கிறது?"

"விளைஞ்சிருக்குல்லய்யா" என்றார் பாண்டியம்மாள். அரிவாள் கையிலேயே இருந்தது. "விளைஞ்சிருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க."

"வெதை எங்க வாங்குன? எந்தக் கடையிலயாச்சும் இப்படி வெதை தருவாகளா? எங்கயாவது மிச்சம் மீதியப் பெறக்கிட்டு வந்திருப்ப."

பாண்டியம்மாள் தலை குனிந்தார். புரோக்கர் போனை எடுத்து வயலைப் படம் பிடித்தார்.

"எங் கடை வெதைங்க" என்றார் அக்கா.

நிலத்துக்காரர் திரும்பிப் பார்த்தார். "ஒங்க கடையா?"

"ஆமா. மூட்டை மாறிப் போச்சு. கலந்துருச்சு. அவுக நல்ல வெதைன்னு நம்பித்தேன் பாவுனாக. தப்பு என்னோடது, அவுக மேல ஒண்ணும் இல்ல."

அந்த வயலில் அக்கா கடையின் நெல் ஒரு மணி கூடக் கிடையாது. அது எனக்குத் தெரியும், பாண்டியம்மாளுக்குத் தெரியும். பாண்டியம்மாள் வாயைத் திறந்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. நிலத்துக்காரரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒங்க கடையே இப்படின்னா வேற எங்க போறது?" என்றார் நிலத்துக்காரர். கையிலிருந்த கதிரை வரப்பில் போட்டார். புரோக்கர் அவர் காதில் ஏதோ சொன்னார். அவர் எரிச்சலோடு, "கடைக்காரி செஞ்ச தப்புக்கு உழுகிறவள வெளியேத்துனேன்னு நாளைக்கு ஊரு பேசும்யா" என்றார். பிறகு பாண்டியம்மாளிடம், "ரெண்டாம் போகம் ஒழுங்கா நடு" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார்.

பக்கத்து வயல்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மெஷின்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார். பாண்டியம்மாள் அரிவாளோடு நின்றுகொண்டே இருந்தார். "வெயில் ஏறுது, அறுங்க" என்றார் அக்கா.

நாங்கள் ஆட்டோவில் கடைக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால், முந்தாநாள் எங்களிடம் வாங்கின இரண்டாம் போகத்து விதை மூட்டை, வாய் பிரிக்காமல் இருந்தது.

"கலப்புன்னு சொல்றாகம்மா" என்றார், அக்காவின் முகத்தைப் பார்க்காமல். "எனக்கு வேணாம்."

போன வாரம் அக்கா குடைக்கம்பியால் எண்ணியது அந்த மூட்டையைத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு முளைத்திருந்தது. நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அக்கா என் தோளைத் தொட்டு, "தூக்கி உள்ள வையி" என்றார்.

தூக்கி உள்ளே வைத்தேன். திரும்பி வந்தபோது படியில் இன்னும் இரண்டு பேர் மூட்டையோடு நின்றார்கள்.